கோணல் முத்தும் தனித்த நரம்பும்

விண்ணரசை, நல்முத்துக்களைத் தேடிச் செல்லும் வணிகனுக்கு ஒப்பிட்டார் நம் ஆண்டவர் (மத்தேயு 13:45-46). விலை மதிப்பற்ற முத்தொன்றைக் கண்டதும் தனக்குள்ள யாவற்றையும் விற்று அதனை வாங்கிக்கொள்கிறான் அவன். புத்தளம் மாவட்டத்தின் கரையோர மக்களுக்கு இந்த உவமையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிலாபம் என்னும் ஊர்ப்பெயரே, முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். முத்து என்றால் என்ன, அதற்காக மனிதன் எவ்வளவு ஆழம் மூழ்குவான் என்பதை இக்கரை நெடுங்காலமாக அறியும்.

ஆனால், வணிகன் கையிலெடுத்துப் பார்த்து ஒதுக்கிவிடும் முத்தும் ஒன்று உண்டு. அது உருண்டு திரளாமல், ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் குழிந்து, கோணலாக விளைந்த முத்து. போர்த்துக்கேயர் அதனை 'பரோக்கோ' என்று அழைத்தனர். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் செழித்த இசைக்கும் கலைக்கும் பின்வந்தோர் இட்ட 'பரோக்' என்னும் பெயர் இச்சொல்லிலிருந்தே வந்தது எனப் பலர் கருதுகின்றனர். முதலில் அது புகழ்ச்சியாக வழங்கிய பெயரன்று. ஏளனமாக வழங்கிய பெயரே. கோணல் என்று ஒதுக்கப்பட்ட அந்த இசையே இன்று உலகெங்கும் தவக்கால மாலைகளில் மனித உள்ளங்களைச் சிலுவையின் அடிக்கு அழைத்துச் செல்கிறது.

அன்புக்குரிய வாசகர்களே, இத்தவக்காலத்தில் அந்த இசையின் வழியாகவே நம் கரையின் பழைய மாலைப்பொழுது ஒன்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். அதில் நமக்கெனவே வைக்கப்பட்ட செய்தி ஒன்று உண்டு.

லைப்சிக் நகரின் பெரிய வெள்ளி

1727ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை. ஜேர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள புனித தோமையார் ஆலயத்தில் மாலை வழிபாட்டுக்கு மக்கள் கூடியிருந்தனர். யோகான் செபஸ்தியான் பாக் இயற்றிய 'மத்தேயுவின்படி திருப்பாடுகள்' முதன்முறையாக ஒலித்தது அன்றுதான் என்பதே இன்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கருத்து. இரண்டு பாடகர் குழுக்கள், அவற்றுக்குத் துணையாக இரண்டு வாத்தியக் குழுக்கள். ஒரு குழு 'வந்து பாருங்கள்' என்று அழைக்க, மறு குழு 'யாரை?' என்று வினவும். அழைப்பும் வினாவுமாகத் தொடங்கும் அந்த இசை, ஆண்டவரின் இறுதி நாட்களிலிருந்து கல்லறை வரை கேட்போரைக் கைப்பிடித்து நடத்திச் செல்கிறது.

அது கச்சேரியன்று. நுழைவுச் சீட்டு இல்லை, கைதட்டல் இல்லை. முதற்பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே மறையுரை நிகழும். பாடலே மறையுரையாகவும், மறையுரையே பாடலாகவும் அமைந்த வழிபாடு அது.

அதில் ஓரிடத்தை மட்டும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் கூறியதும், திகைத்த சீடர்கள் 'ஆண்டவரே, நானோ?' என்று ஒருவர்பின் ஒருவராகக் கேட்கின்றனர். 'ஆண்டவரே' என்னும் விளி அவ்விடத்தில் 11 முறை எழுகிறது. சீடர் பன்னிருவர் அல்லவா? பன்னிரண்டாவது வாய் மௌனமாயிருக்கிறது. அந்த மௌனம் அடங்குமுன்னரே, மக்கள் நன்கறிந்த எளிய ஆலயப் பாடலின் மெட்டில் மறுமொழி வருகிறது. 'நானே, தண்டனைக்குரியவன் நானே' என்பது அதன் பொருள். மறுமொழி கூறுபவன் யூதாசு அல்லன். ஆலயத்தில் அமர்ந்திருக்கும் விசுவாசியே அங்கு வாய்திறக்கிறான். பெரும் பாடகர் குழுவின் நடுவே ஒரு தனிமனிதனின் மனச்சாட்சிக்கு இடம் விட்டு வைத்தார் பாக்.

அதே காலத்தில் நம் கரையில்

இனி லைப்சிக்கின் உயர்ந்த மாடங்களை விட்டு, அதே ஆண்டுகளில் நம் கரை எவ்வாறிருந்தது என்று பார்ப்போம். இங்கே இரட்டைப் பாடகர் குழுவுக்கு வழியில்லை. பல ஊர்களில் குருவானவரே இல்லை.

போர்த்துக்கேயரிடமிருந்து 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருக்களை வெளியேற்றினர், அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்குக் கடுந்தண்டனை விதித்தனர். 1667 முதல் 1676 வரை அவர்கள் எழுப்பிய கற்பிட்டிக் கோட்டை இன்றும் களப்பின் வாயிலில் நின்று அக்காலத்தை நினைவூட்டுகிறது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்நாட்டுக் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றி வாழ்ந்தனர். 1687இல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்திறங்கிய புனித யோசப் வாஸ் அடிகளார், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகச் சென்று இரந்தார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறது என்று பார்த்தே அவர் தம் மந்தையைக் கண்டுகொண்டார். யாழ்ப்பாணத்தில் துன்பம் மிகவே 1690இல் அவர் வந்து தங்கிய இடம் நம் புத்தளம். இங்கிருந்தே 1692இல் அவர் கண்டிக்குப் பயணமானார். 1711இல் அங்கேயே இறைபதம் எய்திய அவரை, 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியதை நாம் அறிவோம்.

அவருடைய அடிச்சுவட்டில் 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவை அடுத்த திவார் தீவில் 1676இல் பிறந்தவர். பாக்கைவிட 9 வயது மூத்தவர். தமிழும் சிங்களமும் அவருக்குத் தாய்மொழிகள் அல்ல. எனினும் இரண்டையும் கற்றுத் தேர்ந்து, இரண்டிலும் பல நூல்களை ஆக்கினார். அவற்றுள் மக்கள் நெஞ்சில் நிலைத்தது 'வியாகுலப் பிரசங்கம்'. ஆண்டவரின் திருப்பாடுகளை 9 பிரசங்கங்களாக விரித்துரைப்பது அது. சிங்கள மக்களுக்கோ அதே கையால் 'துக்பிராப்தி பிரசங்கய' என்னும் நூல் கிடைத்தது. ஒரே சிலுவைக்கு முன்னால் இரண்டு மொழி மக்களும் அழுவதற்கான சொற்களை ஒருவரே தந்தார் என்பது, இரு மொழியும் கலந்து வாழும் இக்கரையில் மறக்கத் தகாதது. சிங்கள மக்கள் தவக்காலத்தில் பாடும் பசன் பாடல்களைக் கேட்டவர்களுக்கும், தமிழ் ஊர்களில் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டவர்களுக்கும் அது ஒரே கண்ணீரின் இரு ஓசைகள் என்பது விளங்கும்.

அந்த மாலைகளை எண்ணிப் பாருங்கள். கரைவலை இழுத்து முடிந்துவிட்டது. அம்பாப் பாட்டு ஓய்ந்துவிட்டது. ஓலை வேய்ந்த சிற்றாலயத்தில் எண்ணெய் விளக்கொன்று எரிகிறது. ஒருவர் ஏட்டைக் கையிலெடுத்து, இழுத்து நீட்டும் உருக்கமான இராகத்தில் ஓதத் தொடங்குகிறார். அவருக்குப் பக்கவாத்தியம் கடலின் இரைச்சல் மட்டுமே. கேட்போர் முழந்தாளில் நிற்கின்றனர். குரு இல்லாத ஊரில் அந்த ஒற்றைக் குரலே மறையுரை, அதுவே பாடகர் குழு, அதுவே திருச்சபை. அச்சு நூல்கள் எட்டாத காலத்தில் கையெழுத்துப் பிரதிகளாக ஊர்விட்டு ஊர் சென்ற அந்தப் பிரசங்கம், இன்றுவரை இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால மாலைகளில் ஒலித்து வருகிறது.

கொன்சால்வெஸ் அடிகளார் 1742 ஜூலை 17ஆம் நாள், வென்னப்புவைக்கு அண்மையிலுள்ள போலவத்தையில் உயிர்நீத்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு நரம்பில் பல குரல்

ஒரு குரல் மட்டுமே உள்ள இடத்தில் பல குரல்களைக் கேட்க முடியுமா? முடியும் என்று காட்டியவரும் அதே பாக் தான்.

செல்லோ என்னும் வாத்தியத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். உருவத்தில் வயலினைப் போன்றது. அளவில் மிகப் பெரியது. கலைஞர் அமர்ந்து, அதனை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிப்பார். அதற்கு நான்கு நரம்புகள். அக்காலத்தில் அவை ஆட்டின் குடலிலிருந்து முறுக்கப்பட்டவை. எல்லா வாத்தியங்களிலும் மனிதக் குரலுக்கு மிக நெருங்கியது செல்லோ என்று பலர் கூறுவர். அதற்குரிய பணி அந்நாள்வரை பெரும்பாலும் பிறருக்கு அடித்தளமாக நிற்பதே. மேலே பாடுவோர் பாட, கீழே நின்று தாங்குவதே அதன் தொண்டு.

அந்தத் தொண்டனை முன்னால் அழைத்து, துணை எதுவுமின்றித் தனியே பேசவைத்தார் பாக். அவர் கோத்தன் என்னும் சிற்றரசில் பணியாற்றிய காலத்தில், ஏறத்தாழ 1720இல், தனிச் செல்லோவுக்கென 6 இசைத்தொகுதிகளை இயற்றினார் என்று கருதப்படுகிறது. அந்த 1720ஆம் ஆண்டிலேதான், அரசருடன் வெளியூர் சென்று ஜூலையில் வீடு திரும்பிய அவர், தம் மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கம் செய்யப்பட்டுவிட்டதை அறிந்தார். விடைபெறவும் வாய்க்கவில்லை. தாயற்ற நான்கு பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். அந்தத் துயரத்துக்கும் இந்த இசைக்கும் நேர்த் தொடர்பு உண்டென நாம் துணிந்து கூறலாகாது. ஆயினும், அந்த வீட்டின் வெறுமையை அறிந்த ஒருவரின் கையிலிருந்து வந்த இசை என்பதை மனத்தில் இருத்திக் கேட்பது தவறாகாது.

இந்த இசையின் நுட்பம் இதுவே. நரம்பில் வில் ஒரு தாழ்ந்த சுரத்தைத் தொட்டுவிட்டு உடனே மேலே சென்றுவிடுகிறது. ஆனால் அந்தத் தாழ்ந்த சுரம் நம் செவிக்குள் அணையாமல் நிற்கிறது. மேலே செல்லும் இழை அதனோடு உரையாடுகிறது. வாசிக்கப்படாத சுரங்களையும் கேட்பவரின் உள்ளமே நிரப்பிக்கொள்கிறது. நம் இசையரங்கில் தம்புரா ஓய்ந்த பின்னும் சுருதி காதில் நிற்பதில்லையா? அதுபோன்றதே இதுவும். பாடுவது ஒருவர், கேட்பது பலரை.

ஐந்தாம் தொகுதியிலுள்ள 'சரபாந்து' என்னும் பகுதி இதன் எல்லையையே தொட்டுவிடுகிறது. வேறு பகுதிகளில் இரண்டு மூன்று நரம்புகளைச் சேர்த்து மீட்டும் இடங்களேனும் உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஒரு சுரத்தின் பின் இன்னொரு சுரம், அவ்வளவே. இருட்டில் சுவரைத் தடவி நடப்பவரைப்போல அந்த இசை நடக்கிறது. 2002 செப்டெம்பர் 11ஆம் நாள், நியூயோர்க்கில் ஓராண்டுக்கு முன் இடிந்துவீழ்ந்த இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்தில், மாண்டோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டபோது, செல்லோ கலைஞர் யோயோ மா வாசித்தது இப்பகுதியையே. ஆயிரக்கணக்கானோரின் இழப்பைச் சொல்ல ஆயிரம் வாத்தியங்கள் தேவைப்படவில்லை.

இந்த இசை நம்மை வந்தடைந்த வரலாறும் ஒரு பாடமே. பாக் தம் கையால் எழுதிய மூலம் தொலைந்துவிட்டது. அவருடைய இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனா பொறுமையோடு பார்த்தெழுதிய பிரதியும் வேறு சில பிரதிகளுமே எஞ்சின. பின்னர் நெடுங்காலம் இவை பெரும்பாலும் பயிற்சிப் பாடங்களாகவே கருதப்பட்டன. 1890இல் பாப்லோ கசால்ஸ் என்னும் 13 வயதுச் சிறுவன் பார்சலோனா நகரின் பழைய கடையொன்றில் இதன் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தான். ஏறத்தாழ 12 ஆண்டுகள் நாள்தோறும் பயின்ற பின்னரே மக்கள்முன் வாசிக்கத் துணிந்தான். யாரோ ஒரு பெண் பார்த்தெழுதினாள். யாரோ ஒரு சிறுவன் தூசு தட்டி எடுத்தான். அதனாலேயே நமக்கு இன்று அந்த இசை உண்டு. வியாகுலப் பிரசங்கத்தை ஏட்டிலும் தாளிலும் பார்த்தெழுதிப் பேணிய நம் முன்னோரின் கைகளும் அத்தகையவையே. அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம், இறைவன் அறிவார்.

வெற்றாலயத்தில் ஒரு குரல்

இதுவெல்லாம் பழங்கதையென்று எண்ணிவிடாதீர்கள். நம் கண்முன்னேயே இரண்டு பெரும் மௌனங்களை நாம் கடந்து வந்திருக்கிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடையிலும், நமக்கு அண்மையிலுள்ள நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பிலும் ஆலயங்களுக்குள் குண்டுகள் வெடித்தன. ஆலயங்களிலும் விடுதிகளிலுமாக 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியின் முன்னே முழந்தாளிட்டனர். ஓராண்டு கழியுமுன்னரே கொள்ளைநோய் வந்து உலகெங்கும் ஆலயங்களை மூடியது.

2020 ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கிழமை. பாக் பணிபுரிந்த அதே லைப்சிக் தோமையார் ஆலயத்தில் மக்கள் எவரும் இல்லை. 1724இல் அவர் அந்நகர மக்களுக்கு முதன்முதலாக அளித்த 'யோவானின்படி திருப்பாடுகள்' அன்று அங்கே ஒலித்தது. அதனைப் பாடவேண்டிய பெரிய குழு கூட முடியவில்லை. ஐஸ்லாந்தைச் சேர்ந்த பெனடிக்ட் கிறிஸ்ட்யான்சன் என்னும் பாடகர், நற்செய்தியாளர், ஆண்டவர், பிலாத்து, கூச்சலிடும் கூட்டம் என எல்லாருக்குமாகத் தாம் ஒருவரே பாடினார். விசைப்பலகை வாசிப்போர் ஒருவர், தாள வாத்தியம் இசைப்போர் ஒருவர், இடையிடையே துணைசெய்ய ஒரு சிறு குழு. பாக்கின் கல்லறையைச் சூழ நின்றவர்கள் அவ்வளவே. பாடல்களின் இடையே வரும் எளிய ஆலயப் பாடல்களை, உலகின் பல மூலைகளில் தத்தம் வீடுகளில் இருந்தவர்கள் கணினித் திரையைப் பார்த்தவாறே சேர்ந்து பாடினர்.

முன்னொரு காலத்தில் நம் கரையின் குருவில்லா ஊர்களில் நடந்தது அன்று லைப்சிக்கிலும் நடந்தது. குழு இல்லை; கூட்டம் இல்லை; ஒரு குரல் இருந்தது. எஞ்சியதைக் கேட்டவர்களின் உள்ளம் நிரப்பியது. பெரும் ஆலயமும் ஓலை வேய்ந்த சிற்றாலயமும் ஒரே நிலைக்கு வந்து நின்றன. இறைவனுடைய பார்வையில் அவை எப்போதும் ஒரே நிலையில்தான் நின்றனவோ என்னவோ!

நம் வீட்டின் மாலை

இனி உங்கள் இல்லத்துக்கு வருகிறேன்.

வென்னப்புவை, மாரவில பகுதிகளை இன்று மக்கள் 'சின்ன இத்தாலி' என்று அழைக்கின்றனர். அங்கிருந்து பிழைப்புத் தேடி இத்தாலிக்குச் சென்றோர் அவ்வளவு பேர். கற்பிட்டித் தீபகற்பம் வரையுள்ள ஊர்களிலும் மத்திய கிழக்குக்கோ ஐரோப்பாவுக்கோ ஒருவரையேனும் அனுப்பாத குடும்பங்கள் அருகி வருகின்றன. வீடுகள் பெருத்துவிட்டன, வீட்டிலுள்ளோர் குறைந்துவிட்டனர். மாடி வீட்டின் கூடத்தில், திருக்குடும்பப் படத்தின்முன் ஒரு தாய் தனியே அமர்ந்து மாலைச் செபம் சொல்கிறார். முன்பு ஐந்தாறு குரல்கள் சேர்ந்து மறுமொழி கூறிய செபமாலைக்கு இன்று அவரே முன்பாதியும் அவரே பின்பாதியும் சொல்லவேண்டியிருக்கிறது. 'யார் கேட்கிறார்கள்? ஏன் வாய்விட்டுச் சொல்லவேண்டும்?' என்று எண்ணி அவர் மெல்ல மெல்ல மௌனமாகிவிடுகிறார்.

ஊர் ஆலயத்திலும் அவ்வாறே. வியாகுலப் பிரசங்கத்தின் இராகம் அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இளையோருக்கு ஒலிநாடாவும் கைத்தொலைபேசியும் எளிதாயிருக்கின்றன. ஒலிபெருக்கியில் பதிவை ஓடவிட்டுவிட்டால் வேலை முடிந்தது. குறை சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. கேட்காமலிருப்பதைவிடப் பதிவைக் கேட்பது நன்றே. ஆனால் பதிவுக்குத் தொண்டை அடைக்காது. பதிவு அழாது. நடுவில் குரல் தழுதழுத்து நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்கும் அந்த இடைவெளியிலேதான் நம் தந்தையர் தம் பாவத்துக்காக மனம் வருந்தினர். 'நானோ?' என்ற வினாவுக்குப் பதிவு மறுமொழி கூறாது. அதற்கு உயிருள்ள ஒரு வாய் வேண்டும்.

என் குரல் இனிமையானதல்லவே, எனக்கு இராகம் பிடிபடாதே என்று நீங்கள் கூறலாம். அன்பர்களே, கோவாவில் பிறந்த ஒருவர் தமக்கு அந்நியமான மொழியில் நமக்காகத் துணிந்து அழுதார். அடித்தளமாய் மட்டுமே இருந்த ஒரு வாத்தியம் முன்னால் வந்து தனியே நின்றது. கோணல் என்பதற்காக முத்து முத்தாகாமல் போய்விடுவதில்லை. தன் மெல்லுடலுக்குள் புகுந்து வருத்திய அந்நியப் பொருளைச் சுற்றியே சிப்பி முத்தைச் சுரக்கிறது. காயமில்லாமல் முத்தில்லை. உங்கள் குரலிலுள்ள காயமே அதன் ஒளியாகலாம்.

ஆகவே, இத்தவக்காலத்தில் ஒரு மாலையைத் தெரிந்தெடுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். உங்கள் பிள்ளைகளுள் எவரேனும் வீட்டிலிருந்தால், பாக்கின் அந்த ஐந்தாம் தொகுதிச் சரபாந்தைக் கைத்தொலைபேசியில் ஒருமுறை ஒலிக்கச் சொல்லுங்கள். நான்கைந்து நிமிடங்களே செல்லும். அது அடங்கியதும் உடனே பேசாதீர்கள். பின்னர், வியாகுலப் பிரசங்கத்தின் ஒரு பகுதியையோ, நற்செய்தியிலுள்ள திருப்பாடுகளின் ஓர் அதிகாரத்தையோ ஒருவர் வாய்விட்டு வாசியுங்கள். இராகம் தெரிந்தால் இராகத்தோடு. தெரியாவிட்டால் வெறும் குரலில். வீட்டில் நீங்கள் மட்டுமே இருந்தாலும் வாய்விட்டே வாசியுங்கள். மிலானோவில் இரவுப் பணிக்குச் செல்லும் மகனின் குரலும், கல்லறையில் துயிலும் கணவரின் குரலும் அந்த வாசிப்பினுள்ளே உங்களோடு சேர்ந்து ஒலிக்கும். வாசிக்கப்படாத சுரத்தை உள்ளம் நிரப்பிக்கொள்ளும் என்று முன்னே கண்டோம் அல்லவா? அது செல்லோவுக்கு மட்டும் உரியதன்று; செபத்துக்கும் உரியது.

ஊரில் இராகம் அறிந்த பெரியவர் எவரேனும் இன்னும் இருப்பாராயின், பதிவுக் கருவியோடு மட்டும் அவரிடம் போகாதீர்கள். ஒரு பேரப்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் பாட, பிள்ளை திருப்பிப் பாடட்டும்.

கேட்டது காதோடு நின்றுவிடவும் கூடாது. கொன்சால்வெஸ் அடிகளார் போலவத்தையில் மறைந்த அதே 1742ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தவக்காலத்திலே, அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹாண்டலின் 'மெசியா' முதன்முறையாகப் பாடப்பட்டது. கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சிறையில் கிடந்தோருக்கும் நோயாளருக்கும் உதவுவதற்காகவே அது நடத்தப்பட்டது. அதனால் கடனாளிகள் 142 பேர் விடுதலை பெற்றனர் என்பது வரலாறு. நள்ளிரவில் பவுலும் சீலாவும் பாடியபோது சிறைக் கதவுகள் திறந்ததாக நாம் படிக்கிறோம் (திருத்தூதர் பணிகள் 16:25-26). டப்ளினில் பாட்டு அவ்வாறே கதவு திறந்தது. வலையையும் நகையையும் அடகுவைத்துக் கடனில் மூழ்கித் தவிக்கும் குடும்பமொன்று உங்கள் தெருவிலும் இருக்கலாம். நீங்கள் ஒறுத்துச் சேர்த்த சிறு தொகையால் ஒரு கதவேனும் திறக்குமாயின், உங்கள் தவக்கால இசை நிறைவு பெறும்.

இறுதி இராவுணவு முடிந்ததும் ஆண்டவரும் சீடரும் புகழ்ப்பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் புறப்பட்டனர் என்று மத்தேயு எழுதுகிறார் (26:30). எத்துணை வியப்பு! காட்டிக்கொடுப்பவன் வெளியேறிவிட்டான், மறுதலிக்கப்போகிறவன் அருகிலேயே நிற்கிறான், சிலுவை காத்திருக்கிறது. ஆயினும் அவர் பாடினார். குறைந்துபோன, கலங்கிப்போன, கோணலான அந்தச் சிறு குழுவோடு சேர்ந்தே பாடினார். சில மணி நேரத்தில் அவர்களும் சிதறியோடினர். சிலுவையில் அவர் தனித்த குரலானார். அந்தத் தனிக்குரலிலேதான் கைவிடப்பட்ட எல்லா மனிதரின் குரலும் அடங்கியிருந்தது.

ஆண்டவரே, எங்கள் வீடுகள் வெறுமையடைந்த வேளையிலும் எங்கள் நாவு வெறுமையடையாதிருக்கச் செய்தருளும். எங்கள் கோணல் குரல்களை உம் கரத்தில் முத்தாக ஏற்றுக்கொள்ளும். தொலைவிலிருக்கும் எம் பிள்ளைகளின் குரலையும், துயில்கொண்டோரின் குரலையும் எங்கள் தனித்த செபத்தினுள்ளே கேட்டருளும். ஆமேன்.